சிங்காரவேலு இறங்கி வந்தார்

சிங்காரவேலு சீட்டில் ஏறி உட்கார்ந்தால் எட்டு மணி நேரமும் இறங்கமாட்டார் என்பது நெய்வேலி சுரங்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. திண்டுக்கல் பக்கத்திலிருந்து கூலி வேலைக்கு வந்து, பர்மனென்ட் ஆகி, மண்ணை வெட்டி அள்ளும் ராட்சதச் சக்கர மெஷினுக்கு ஆபரேட்டராக உயர்ந்தவர். உதவி ஆபரேட்டர் பீர் முகமது பக்கத்திலேயே இருந்தாலும் லீவரை அவரிடம் கொடுத்ததில்லை. தான் இல்லாத ஐந்து நிமிஷத்தில் மெஷின் நின்றுபோனால்? ஷிஃப்டுக்கு முன்னால் அரை டம்ளர் டீ குடிப்பார், அதோடு சரி. சித்திரை வெயிலிலும் தண்ணீர் தொடமாட்டார். குடித்தால் இறங்க வேண்டிவருமே!

1977 கோடையில் அவருக்குச் சிறுநீர் கழிக்கும்போது நெருப்பாக எரிந்தது. பத்து நிமிஷத்துக்கொரு தரம் முட்டிக்கொண்டு வரும்; போனால் சொட்டுச் சொட்டாக விழும். யாரிடம் சொல்வது? ஆம்பளைக்கு அந்த இடத்தில் கோளாறு என்றால் கேன்டீனில் ஒரே ஒரு அர்த்தம்தான். எந்தத் தப்பும் செய்யாத மனுஷர், தப்புச் செய்தவரைப் போல வாயை மூடிக்கொண்டார்.

நாலாம் நாள் குளிர்காய்ச்சலில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மனைவி தனபாக்கியம் கேள்வி எதுவும் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டாக்டர் கோபாலகிருஷ்ணன் சிறுநீரைப் பரிசோதிக்கச் சொல்லிவிட்டு, "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" என்று கேட்டார்.

ஷிஃப்ட் முடியும்வரை சொட்டுத் தண்ணீர் தொடமாட்டேன் என்று சிங்காரவேலு சற்றுப் பெருமையாகவே சொன்னார்.

"நீங்க பயப்படுற வியாதி இல்ல இது. சாதாரணக் கிருமி. குடிக்காமலும் அடக்கியும் அதுக்கு எடம் கொடுத்திருக்கீங்க. ஆம்பளைங்களுக்கு வந்தா சுலபத்துல போகாது. ரெண்டு வாரம் மாத்திரை, ஒருவேளைகூட விடக்கூடாது."

மூன்றே நாளில் எரிச்சல் அடங்கியது. ஆனால் வயிறு கெட்டுப்போய்ப் பேதியானது. மாத்திரைதான் காரணம் என்று அவராகவே நிறுத்திக்கொண்டார். பத்து நாள் கழித்துக் காய்ச்சல் முன்னிலும் மோசமாகத் திரும்பியது. இந்தத் தடவை ஆஸ்பத்திரியிலேயே படுக்கையில் சேர்த்தார்கள்.

"வயித்துல நமக்கு உதவுற கிருமிங்களும் இருக்கு. மாத்திரை அதையும் சேர்த்துக் கொல்லுது, அதான் பேதி. என்ன சாப்பாடு கொடுக்கிறீங்கம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"கஞ்சிதாங்க. காய்ச்சல்னு தயிரை நிறுத்திட்டேன்" என்றாள் தனபாக்கியம்.

"தயிர்சோறு கொடுங்க, மோர் கொடுங்க. தயிர் இந்த நோயை விரட்டாது, விரட்டுறது மாத்திரைதான். வயிறு அதைத் தாங்கணும் இல்லையா? பேதி அதிகமானா என்கிட்ட சொல்லுங்க. நீங்களா நிறுத்தாதீங்க."

தினமும் மதியம் தூக்குவாளியில் தயிர்சோற்றோடு வந்தாள் தனபாக்கியம். வயிறு மெல்லத் தேறியது. கடைசி மாத்திரைவரை விழுங்கிவிட்டுத்தான் சிங்காரவேலு வேலைக்குத் திரும்பினார்.

முதல் நாளே, இரண்டு மணி நேரம் ஓட்டியதும் எழுந்து நின்றார். "பீர், நீ உக்காரு."

பீர் முகமது பதறிப்போனார். "என்னண்ணே, மெஷின்ல ஏதாவது கோளாறா?"

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. நான் தண்ணி குடிச்சிருக்கேன்."

ஏணியில் இறங்கும்போது வெட்கத்தில் காதெல்லாம் சுட்டது. கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். சக்கரம் ஒரு சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. பீர் முகமது இவ்வளவு நன்றாக ஓட்டுவாரா என்று நினைத்துக்கொண்டார்.

அன்று ஷிஃப்ட் பஸ்ஸில் எழுந்து நின்று, எரிச்சலில் தொடங்கி ஆஸ்பத்திரிவரை ஒளிக்காமல் சொன்னார். பின் சீட்டில் ஒருவர் சிரித்தார். "சிரிங்க. ஆனா வந்தா மறைக்காதீங்க. நான் மறைச்சேன், கட்டில்ல கெடந்தேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மறுநாள் கன்வேயர் பிரிவுப் பழனிவேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அவர் பக்கத்தில் வந்தார். பக்கத்துக் கம்மாபுரத்துக்காரர்.

"ஒரு மாசமா எனக்கும் எரியுதுங்க. வூட்டுல கூட சொல்லாம இருந்துகினு இருக்கேன்."

சிங்காரவேலு அவரை அப்படியே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். படம் எடுத்துப் பார்த்ததில் சிறுநீர்ப்பையில் கல் இருந்தது. ஆபரேஷன் முடியும்வரை பழனிவேலின் மனைவியோடு வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

அதற்கப்புறம் ஆட்கள் ஒவ்வொருவராக அவரைத் தேடி வந்தார்கள். குவார்ட்டர்ஸ் வாசலில் தயங்கி நிற்பார்கள். அவரும் என்ன ஏதென்று கேட்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதும் குமாஸ்தாவுக்கே பழகிப்போயிற்று.

"இன்னைக்கு யாரைக் கூட்டிகினு வந்திருக்கீங்க?" என்று ஒருநாள் ஜன்னலுக்குள்ளிருந்து உரக்கக் கேட்டார் அவர்.

சிங்காரவேலு குனிந்து, "பேரைக் கொஞ்சம் மெதுவா கேளுங்க. மனுஷன் இப்பதான் தைரியம் வந்து வந்திருக்காரு" என்றார்.

குமாஸ்தா பேனாவை எடுத்துக்கொண்டு, ஜன்னலோரம் தலையை நீட்டி, தாழ்ந்த குரலில் பெயரைக் கேட்டார்.