தணிகாசலம் அடைத்த பின்வாசல்

தணிகாசலம் செத்துப்போன சேதி எங்கள் வீட்டுப் பின்வாசலுக்குத்தான் வந்தது. விழுப்புரத்திலிருந்து வந்த ஆள் கதவைத் தட்டிக்கினே நின்றான். "அது தொறக்காதுப்பா, சுத்திக்கினு வா" என்று கத்தினேன். அவன் அங்கிருந்தே சொல்லிவிட்டான். மூடின கதவைப் பார்த்து அழுதேன்.

தணிகாசலம் என் கொழுந்தன். விழுப்புரம் ரயில் ஷெட்டில் வேலை. காயலான் சாமானில் சிலை செய்வான் என்பது உங்களுக்கெல்லாம் தெரியும். சிலை நிற்கப்போகும் இடத்தில் கிடப்பதைத்தான் எடுப்பான், அங்கேயே பூட்டி நிறுத்துவான். "எடம் மாத்துனா செத்துடும்" என்பான்.

திண்டிவனத்தில் எங்கள் முன்வாசலில் என் வீட்டுக்காரர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். எங்கே போற, எதுக்குப் போற என்பதற்குப் பதில் சொல்லித்தான் படி இறங்கணும். பின்சந்தில் என் அக்கா வீடு. பின்கதவைத் திறந்தால் யாரையும் கேட்காமல் அவளிடம் போய்விடுவேன். எனக்கு இருந்த வழி அது ஒன்றுதான்.

ஒரு பொங்கலுக்கு வந்தவன், வெளியே பின்கதவுப் படியில் ஒரு பொம்பளையை நிறுத்தினான். ஓட்டைத் தவலை வயிறு, சைக்கிள் செயின் சடை, மாட்டு லாடம் புருவம். கையில் என் உடைந்த கரண்டி.

"யாருடா இது?"

"நீங்கதான் அண்ணி. கரண்டியும் கையுமா நின்னுக்கினு சந்துப் பக்கமே பார்ப்பீங்களே."

"நல்லாத்தான் இருக்கேன். வழியை விட்டுத் தள்ளி வை."

"ரெண்டு நாள் இருக்கட்டும், நானே கழட்டிடறேன்."

அதற்குள் சந்துக்காரி ஒருத்தி, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அதன் காலடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். காய்ச்சல் இறங்கிவிட்டது. கரண்டி சூலமாச்சு, நான் அம்மனாகிவிட்டேன். ஆடிக்குக் கூழ் ஊற்றினார்கள். "சாமி முதுகுக்குப் பின்னால என்னடி நடமாட்டம்?" என்று என் வீட்டுக்காரர் கதவுக்கு ஆணி அடித்தார். அவருக்கு வசதியாய்ப் போச்சு.

அக்கா படுக்கையில் கிடந்தபோது அவள் இருமுவது அந்தக் கதவு வழியாகக் கேட்கும்.

தணிகாசலம் வரும்போதெல்லாம் அதைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்டேன். "எடம் மாத்துனா அது செத்துடும் அண்ணி" என்றான். "எடம் மாத்துனா நான் பொழைச்சுக்குவேன்டா" என்றேன். தலையைக் குனிந்து கேப்பைக்களியைத் தின்றான். "அடுத்த வாட்டி கட்டாயம்" என்றான். அந்தச் சொல்லை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

செய்தவன் கை பட்டிருந்தால் சந்தில் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். இனி அதைத் தொட ஆளில்லை. அவன் எனக்கென்று வைத்துவிட்டுப் போனது அந்தப் பொம்பளையைத்தான். நேற்று அவளுக்கு ஒரு முழம் பூ வைத்தேன். அதற்கும் முன்வாசலில் பதில் சொல்லிவிட்டுத்தான் சுற்றிக்கொண்டு போனேன்.