கரடி மேட்டில் இரண்டு இருக்கை வண்டி

ஐலாவுக்கு உட்காரத் தெரியாது. பத்து வருடமாகத் தினமும் காலை ஒன்பது மணிக்கு என் கடைக்கு வந்து தபால் பெட்டிகளை எடுத்துப் போகிறாள். ஒரு நாள்கூட நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்ததில்லை. கோட்டைக் கழற்றாமல், கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, ஜன்னலுக்கும் கல்லாவுக்கும் நடுவே நடந்தபடியே குடித்து முடிப்பாள். ஏலக்காய் பன் கொடுத்தால் பாதியைக் கடித்துவிட்டு மீதியைக் கோட்டுப் பையில் போட்டுக்கொள்வாள்.

இதற்கு முன் ஸ்வீடனுக்குப் போகும் கப்பலில் சமையல் செய்தாள். நார்வேயின் வடகரையில் மீன் வெட்டினாள். நகரத்தில் டாக்ஸி ஓட்டினாள். எந்த வேலையிலும் மூன்று வருடம் தாண்டியதில்லை. தபால் மட்டும் எப்படி நிலைத்தது என்று ஒருமுறை கேட்டேன். "இதுல வேலைன்னாலே ஊர் சுத்துறதுதானே, இங்கா" என்றாள்.

மீன் வெட்டிச் சேர்த்த பணத்தில், நாற்பத்து நாலு வயதில், அவள் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினாள். இரண்டே இருக்கை, துணிக்கூரை, கரும்பச்சை நிறம். யாரோ ஒரு பல் டாக்டர் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்தது. அதனால், சாலையின் வலப்பக்கம் போகும் எங்கள் ஊர்க் கார்களைப்போல் இடப்பக்கம் இல்லாமல், ஸ்டியரிங் வலப்பக்கம். கோடையில் மட்டும் ஓட்டுவாள். முதல் பனி விழுந்ததும் தார்ப்பாயைப் போர்த்திக் கொட்டகைக்குள் தள்ளிவிடுவாள். அதை இந்தப் பக்கத்துப் பனியில் ஓட்ட யாருக்கும் தோன்றாது. மற்ற கார்களை முன்சக்கரங்கள் இழுத்துப் போகும். இதைப் பின்சக்கரங்கள் தள்ளும். பனிக்கட்டியின் மேல் காலை ஒரு துளி கூடுதலாக அழுத்தினால் போதும், வண்டியின் வால் மூக்கை முந்திக்கொண்டு வந்துவிடும்.

ஒரு நவம்பரில் அவளுடைய தபால் வேனின் கியர்பெட்டி உடைந்தது. புதுசு வர மார்ச் ஆகும் என்றார்கள். மறுநாள் காலை கடை வாசலில் கரும்பச்சை வண்டி உறுமிக்கொண்டு நின்றது. இடப்பக்க இருக்கையில் கூரை முட்டத் தபால்.

"பைத்தியமா உனக்கு?" என்றேன்.

"ஏன்? வீடுங்களோட பெட்டியெல்லாம் ரோட்டுக்கு வலப்பக்கம்தானே இருக்கு. ஸ்டியரிங்கும் வலப்பக்கம். கையை நீட்டினா பெட்டி. இதைவிட நல்ல தபால் வண்டி ஏது?"

அந்த வாரம் மூன்று முறை பள்ளத்தில் இறங்கினாள். மூன்று முறையும் பண்ணைக்கார ஒன்னிதான் டிராக்டரால் இழுத்து வெளியே போட்டார். அவருடைய பண்ணைக்கு முன்னால் இருக்கும் வளைவில்தான் அவள் தவறாமல் சறுக்குவாள்.

"ஏம்மா ஐலா, என் பெட்டி ரோட்டோரத்துல இருக்கு. பள்ளத்துக்குள்ள இல்ல."

"உங்களுக்கு நடக்கிற தூரம் குறையட்டுமேன்னுதான்."

"அடுத்த தடவை கயித்தை அவுக்கவே மாட்டேன். கட்டியே விட்டுடறேன், இழுத்துக்கிட்டே தபால் போடு."

ஊரெல்லாம் சிரித்தது. ஐலா சிரிப்பைக் காதில் வாங்கவில்லை. ஆணி பதித்த டயர் நான்கும் மாட்டினாள். பின்பெட்டியில் மணல் மூட்டை இரண்டை, பின் அச்சுக்கு நேர் மேலே வைத்துக் கட்டினாள். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலாமலிருக்க இரண்டாவது கியரில் கிளம்பப் பழகினாள். டிசம்பரில் ஏரி உறைந்து இறுகியதும், வேலை முடிந்த மத்தியானங்களில் வெளிச்சம் இருக்கும்வரை அந்தப் பனிக்கட்டியின் மேல் போய், காலி பெயின்ட் டப்பாக்களை நட்டு, அவற்றைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாள். வால் வலப்பக்கம் போனால் ஸ்டியரிங்கையும் வலப்பக்கம் திருப்ப வேண்டும். பிரேக்கைத் தொடக்கூடாது. பயந்து காலைச் சட்டென்று எடுத்தாலும் சுழலும். கடைசியில் ஒன்றுமே பலிக்காவிட்டால் கிளட்ச்சை மிதித்துச் சக்கரங்களைத் தானாக உருள விட வேண்டும்.

இத்தனையும் அவளுடைய புருஷன் ரெய்யோவுக்குத் தெரிந்த விஷயம். ஆனால் அவன் அவளுக்குச் சொல்லித்தரவில்லை.

ரெய்யோ இருபத்தெட்டு வருடம் மரலாரி ஓட்டியவன். இரண்டு குளிர்காலத்துக்கு முன்னால், கரடி மேட்டு இறக்கத்தில், முழு லோடோடு லாரி சறுக்கிக் கவிழ்ந்தது. நாற்பது நிமிடம் நசுங்கிய கேபினுக்குள் கிடந்தான். முதுகு ஓரளவு தேறிவிட்டது. ஆனால் அதன்பின் அவன் ஒரு ஸ்டியரிங்கையும் தொடவில்லை. டாக்டரிடம் பஸ்ஸில் போனாலும் கண்ணை மூடிக்கொண்டே போவான். ஐலா கிளம்பினால் சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவான். அவளுடைய தபால் சுற்று தொண்ணூற்றாறு கிலோமீட்டர். எந்தப் பெட்டிக்கு எத்தனை மணிக்கு வருவாள் என்பது அவனுக்கு மனப்பாடம். கால் மணி தாமதமானால் அவளுக்கு போன் போகும். அவள் எடுக்காவிட்டால் எனக்கு.

"இங்கா, அவ தாண்டிட்டாளா?"

"இப்பதான் போனா."

"எவ்வளவு வேகத்துல?"

"எனக்கு எப்படித் தெரியும் ரெய்யோ? நான் பன் அடுக்கிக்கிட்டிருக்கேன்."

ஜனவரிக் கடைசியில், இறுகிக் கிடந்த பனியின் மேல் விடியற்காலையில் மழை பெய்தது. விழுந்த இடத்திலேயே உறைந்துபோகும் மழை. கடை வாசலில் நிற்கவே முடியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். ஐலா வழக்கம்போல ஒன்பது மணிக்கு வந்து, காப்பியை இரண்டே மடக்கில் குடித்தாள்.

"இன்னைக்கு வேண்டாம்" என்றேன்.

"மருந்துப் பார்சல் நாலு இருக்கு. வீட்டுல இருந்தா ரெய்யோ மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உக்காரணும். அதுக்கு இது தேவலை."

பதினொன்றே காலுக்கு ரெய்யோ போன் செய்தான். பதினொன்றரைக்கு மறுபடியும். பன்னிரண்டுக்கு அவனே கடைக்கு வந்துவிட்டான். ஒன்றரைக் கிலோமீட்டர், வழுக்காமலிருக்க பூட்சுக்குமேல் பழைய உல்லன் சாக்ஸை இழுத்து மாட்டிக்கொண்டு நடந்து வந்திருக்கிறான்.

"போனை எடுக்கல. கரடி மேட்டுக்கு அந்தப் பக்கம் முதல் வீட்டுக்கு போட்டுப் பார்த்தேன். தபால் வரலையாம். வண்டியை எடு."

கடையைப் பூட்டி என் பழைய காரை எடுத்தேன். ஆனால் பிரதான சாலையில் ஏறும் இடத்திலேயே சக்கரம் வழுக்கியது. நாலு விரல்கடை நகர்வதற்குள் பிரேக், மறுபடியும் பிரேக். வண்டி குறுக்கே திரும்பி நின்றது. ரெய்யோ என்னைப் பார்த்தான். அவன் மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நின்றது.

"இறங்கு. இந்தப் பக்கம் வா."

"ரெய்யோ, உன்னால..."

"இறங்குன்னு சொல்றேன்ல!"

பதினோரு கிலோமீட்டர் ஓட்டினான். முட்டையைத் தொடுவதுபோல ஸ்டியரிங்கைத் தொட்டான். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அவன் தொண்டையில் ஏதோ சத்தம் வந்தது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. கரடி மேட்டு உச்சியில் வண்டியை நிறுத்தி, நாலு விளக்கையும் சிமிட்டவிட்டு, இறங்கி நின்றான். கீழே, இறக்கத்தின் அடியில், ஒரு மரலாரி சாலைக்குக் குறுக்கே நின்றது.

ரெய்யோ ஓரத்துப் பனியில் முழங்கால் புதையப் புதைய ஓடினான். நானும் பின்னால் ஓடினேன்.

லாரிக்கு நாற்பது அடி மேலே, சாலையோரப் பனிச்சுவரில் கரும்பச்சை வண்டி கதவுவரை செருகிக் கிடந்தது. ஐலா மண்வாரியால் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். லாரிக்காரன் தன் பிளாஸ்கிலிருந்து அவளுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டிருந்தான்.

நடந்தது இதுதான். உச்சியைத் தாண்டியதும் குறுக்கே நின்ற லாரியைப் பார்த்திருக்கிறாள். பிரேக் பிடித்தால் சுழன்றுபோய் நேராக மரக்கட்டைகளில் மோதியிருப்பாள். கிளட்ச்சை மிதித்து, வண்டியை உருளவிட்டு, வலப்பக்கச் சுவரில் மெல்ல உரசி உரசி வேகத்தைக் குறைத்து, கடைசியில் வேண்டுமென்றே மூக்கைப் பனிக்குள் குத்திவிட்டாள். போன் இருக்கைக்கு அடியில் எங்கோ விழுந்துவிட்டது.

ரெய்யோ அவள் முன்னால் போய் நின்றான். பேச வாயைத் திறந்தான். சட்டென்று திரும்பிக் குனிந்து பனியில் வாந்தி எடுத்தான்.

ஐலா மண்வாரியைக் கீழே போட்டாள். "யார் ஓட்டிக்கிட்டு வந்தா? இங்காவா?"

"அவளா? அவ ஓட்டியிருந்தா நாளைக்குத்தான் வந்திருப்போம்" என்றான் ரெய்யோ, வாயைத் துடைத்துக்கொண்டே.

ஐலா கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். அவள் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் அசையாமல் நின்று நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"சரி, மருந்து நாலு வீட்டுக்குப் போகணும்" என்றாள். "பேசினது போதும். தள்ளுங்க."

லாரிக்காரனும் நானும் ரெய்யோவும் சேர்ந்து தள்ளி வண்டியை வெளியே எடுத்தோம். மணல் லாரி வந்து இறக்கம் முழுதும் தூவிவிட்டுப் போனதும் மரலாரி நேராகி வழிவிட்டது. ஐலா ஏறி உட்கார்ந்ததும் ரெய்யோ இடப்பக்கக் கதவைத் திறந்து, தபால் பெட்டியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். முழங்கால் இரண்டும் முகவாயைத் தொட்டன.

"எங்க வர்றே?"

"நீ முதல் கியர்ல கிளம்பப் போறே. எனக்குத் தெரியும்."

"ரெண்டாவது."

"பார்ப்போம்."

இரண்டாவதில்தான் கிளம்பினாள். நான் என் காரை எப்படியோ திரும்ப ஓட்டிவந்தேன்.

ஏப்ரல் வரை அவன் அந்த இருக்கையை விடவில்லை. மடியில் தபால் பிரித்தான், வழி முழுக்கச் சண்டை போட்டான். ஏரிக்கும் போனான். டப்பாக்களைச் சுற்றி அவன் ஒருநாள் ஓட்டிக்காட்டியதை ஒன்னி கரையிலிருந்து பார்த்துவிட்டு வந்து, "வண்டி முன்னாடி போச்சா, பக்கவாட்டுல போச்சான்னு எனக்கே தெரியல" என்றார். மார்ச்சில் கியர்பெட்டி வந்தது. யாரும் மாட்டாமல் அது ஏப்ரல்வரை அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது. அடுத்த இலையுதிர் காலத்தில் ரெய்யோ மணல் தூவும் லாரியில் வேலைக்குச் சேர்ந்தான். மரலாரிக்குத் திரும்பவில்லை. கரடி மேட்டில் இறங்கும்போது இன்னும் உள்ளங்கை நனைகிறது என்று என்னிடம் சொன்னான்.

எல்லாம் அடங்கிவிட்டது என்று நான் நினைத்தேன். போன வாரம் ஐலா காப்பியோடு ஜன்னலுக்கும் கல்லாவுக்கும் நடந்துகொண்டே, "எல்லைப் பக்கத்துத் தபால் சுற்று காலியாகுதாம். நூத்தி நாப்பது கிலோமீட்டர். பாதி மண்ரோடு, மேடு அதிகம். கேட்டு எழுதிப் போட்டுட்டேன்" என்றாள்.

"ரெய்யோகிட்ட சொன்னியா?"

"சொல்லணும்" என்றாள். கோப்பையை வைத்துவிட்டுத் தபால் பெட்டியைத் தூக்கினாள். நான் வேறு ஏதாவது கேட்பதற்குள் வெளியே இன்ஜின் உறுமியது.