பாயசத்துக்குக் குங்குமப்பூ

இன்று அப்பாவின் ஃப்ளாட்டில் வாரப் பத்திரிகையைப் பிரித்ததும் எழுந்த அச்சு மை வாசனையில், இடித்துத் தரைமட்டமாக்கப்பட்ட எங்கள் மல்லேஸ்வரம் வீட்டின் சமையலறை கண்முன் வந்து நின்றது. அப்பாவுக்கு முன்னால் குறுக்கெழுத்துப் பக்கத்தை யாரும் தொடக்கூடாது என்பது அங்கே சட்டம். அதனால் மத்தியானத்தில் அம்மா அதை மனசுக்குள்ளேயே போட்டு முடித்துவிட்டு, மடிப்புக் கலையாமல் திரும்ப வைத்துவிடுவாள். சாயங்காலம் கூடத்தில் அப்பா, "பொட்டு வைத்த காஷ்மீர்ப் பூ, ஆறு எழுத்து" என்று உரக்கப் படித்துத் திணறுவார். கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு நடுவே அம்மா, "ஏங்க, பாயசத்துக்குக் குங்குமப்பூ தீந்துபோச்சு" என்பாள். கொஞ்ச நேரம் கழித்து அப்பா தொடையைத் தட்டிக்கொண்டு என்னைக் கூப்பிடுவார்.

"கண்டுபிடிச்சிட்டேன் பாரு! உங்கம்மாவுக்கு இதெல்லாம் எங்க புரியப்போவுது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா திரும்பிப் பார்க்காமல் கரண்டியால் கிளறிக்கொண்டிருப்பாள். அந்த வீட்டில் ஒரு நாளும் பாயசத்தில் குங்குமப்பூ போட்டதில்லை. அதுகூட அவருக்குத் தெரியாது.

அம்மா போன பிறகு அப்பாவின் கட்டங்கள் பாதிக்குமேல் காலியாகவே கிடக்கின்றன. இன்றும் அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சலித்துக்கொண்டார்.

"இப்பல்லாம் குறிப்பு எழுதறவனுக்கு மூளையே இல்லம்மா."