பெயர் போடாத முகம்

காலையில் காபியோடு உட்கார்ந்து கணினியைத் திறந்தால் அது என்னிடம் பிரெஞ்சில் ஒரு கேள்வி கேட்கிறது: இவர் யார்? சின்ன வட்டத்துக்குள் என் அண்ணன் முகம். பக்கத்தில் பெயர் எழுத ஒரு கட்டம், கீழே 'பிறகு' என்று ஒரு பொத்தான். பாரிசுக்கு வெளியே இந்த நான்காவது மாடி வீட்டில் என் அண்ணனைப் பற்றி விசாரிக்கிற ஒரே ஆள், நான் போன மாதம் தேர்ந்தெடுத்த இந்தப் புகைப்படத் தளம்தான். 'பிறகு' என்பதை அழுத்திவிட்டு வேலைக்குக் கிளம்புகிறேன்.

அண்ணன் எங்கள் ஊர் குருவிநத்தத்தில் கரும்பு போட்டவர். என் கணவர் ஒருமுறை ஊருக்குக் கொண்டுபோன கேமரா அவர் கையோடு ஒட்டிக்கொண்டது. காதுகுத்து, கல்யாணம், பாகூர் ஏரி நிரம்பியது என்று எதையும் விடமாட்டார். படங்களை எனக்கு அனுப்புவார். நான் இங்கே ஒரு மென்பொருளில் முகம் முகமாகப் பிரித்து அடுக்கி, இணையத் தளத்தில் ஏற்றுவேன். ஊரில் போனில் பார்ப்பார்கள். போன வருடம் அவர் இறந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, இன்றுவரை வரவில்லை. காரியத்துக்குப் பிறகு இறப்புச் சான்றிதழுக்காகக் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு அலைந்த நாட்களில் மடிக்கணினியை அண்ணியிடம் கொடுத்து, முகங்களுக்குப் பெயர் போடச் சொன்னேன். எனக்குப் பாதிப் பேரை அடையாளம் தெரியவில்லை.

அண்ணி ஒரு வாரம் உட்கார்ந்து போட்டார். மென்பொருளுக்கு முகமாகவே தெரியாத எங்கள் கறவை மாட்டுக்கும் கட்டம் கட்டி 'லட்சுமி' என்று எழுதியிருந்தார். ஊரில் இன்னொரு கலா இருப்பதால் என் படங்களில் எல்லாம் 'பிரான்சு கலா'. பார்த்துச் சிரித்தேன், கொஞ்சம் சுருக்கென்றும் இருந்தது.

போன மாதம் பழைய தளத்தை மூடப்போவதாகக் கடிதம் வந்தது. மென்பொருளோடு ஒத்துப்போகிற வேறு தளம் தேடினேன். முதலாவது படங்களை வாங்கிக்கொண்டு பெயர்களைத் துப்பிவிட்டது. இரண்டாவது பெயர்களையும் வாங்கிக்கொண்டு, பெயருக்கு ஓர் ஆல்பமாக அழகாக அடுக்கியது. இதுதான் என்று முடிவு செய்து அண்ணிக்கு அனுப்பினேன். மறுநாளே கூப்பிட்டார்.

"கலா, எல்லாரும் வந்துட்டாங்க. மாடுகூட வந்துடுச்சி. நான் புடிச்ச படம் மட்டும் காணோமே."

கேமரா எப்போதும் அண்ணன் கையில் இருந்ததால் அவர் படத்தில் விழுவதே அபூர்வம். அவர் தனியாக நிற்கிற படங்கள் எல்லாம் அண்ணி கேமராவைப் பிடுங்கி எடுத்தவை. தேடிப் பார்த்தேன். அத்தனை முகத்துக்கும் பெயர் போட்ட அண்ணி, அண்ணனுக்குப் போடவில்லை. பெயர் இல்லை, அதனால் ஆல்பம் இல்லை.

"ஏன் அண்ணி, அவருக்கு மட்டும் உட்டுட்டீங்க?"

"அவரு பேர நான் எப்பிடிடி எழுதறது? கல்யாணமான நாளா வாயால சொன்னதில்ல. நீ தங்கச்சிதான, நீ போடு."

குழந்தை இல்லாததால் இன்னார் அப்பா என்று எழுதவும் அண்ணிக்கு வழியில்லை.

நான் 'அண்ணன்' என்று அடித்தேன். அடித்த பிறகுதான் உறைத்தது, குருவிநத்தத்தில் அண்ணி போனைத் திறந்தால் தன் புருஷன் தலைக்கு மேல் 'அண்ணன்' என்று வரும். அழித்துவிட்டு அவர் பெயரை அடித்தேன். இறப்புச் சான்றிதழில் வரிசையாக நின்ற அதே எழுத்துகள். அதையும் அழித்தேன். பழைய தளம் மூடுவதற்கு நான்கு நாள்தான் இருந்தது.

பள்ளிக் கான்டீனில் என்னோடு வேலை செய்யும் பிரெஞ்சுக்காரி மிரேயிடம் சொன்னேன். "பெயரை எழுதாத அளவுக்கு அண்ணனோடு சண்டையா?" என்று கேட்டாள். இல்லை, நானும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை என்றேன். "அப்படியானால் அவ்வளவு பழக்கமில்லை," என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தாள். நான் தட்டுகளைத் துடைத்தேன்.

மூன்றாவதாக இந்தத் தளத்தைக் கண்டுபிடித்தேன். பெயரில்லாதவர்களையும் அப்படியே ஏற்றுக்கொள்கிறது. ஒரே குறை, யார் திறந்தாலும் தினம் ஒருமுறை கேட்கும். அண்ணி எடுத்த படங்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தன. அண்ணி தினமும் மதியம் சாப்பிட்டு முடித்துப் பார்க்கிறார்.

"இன்னாடி இது, தெனம் இவரு யாருன்னு என்னியே கேக்குது?"

"நீங்க இன்னா பண்றீங்க?"

"பிறகுன்னு ஒண்ணு இருக்குதே, அத்தத்தான் அமுத்தறேன்."

நானும் அதைத்தான் என்றேன்.

இன்று காலையும் கேட்டது, அழுத்தினேன். அடுத்த படத்தில் நானும் அண்ணனும் எங்கள் கரும்புக்கொல்லை ஓரத்தில் நிற்கிறோம். அந்த ஊரிலேயே பிறந்த என் தலைக்கு மேல் 'பிரான்சு கலா' என்று இருக்கிறது. அண்ணன் தலைக்கு மேல் ஒன்றும் இல்லை. ஊரில் அவரை யாரென்று யாரும் கேட்கமாட்டார்கள்.