பெர்னடெற்றும் உறுமாத நாயும்

"இந்த வீட்டில என்ர சொல்லுக் கேக்கிறதுக்கு ஒரு உயிர் இல்லை. கட்டினவரும் கேக்கிறாரில்லை, பெத்ததும் கேக்குதில்லை, இப்ப நாயும் கேக்குதில்லை!"

லண்டன் சட்டனில இருக்கிற பெர்னடெற் விடிய எழும்பி, தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட முதலே இதைச் சொல்லிப்போடுவா. கோப்பை கழுவேக்கையும் சொல்லுவா. ஆரும் போனெடுத்துச் சுகம் கேட்டாலும் இதுதான் மறுமொழி. புருசன் பெனடிக்ற் காதில விழாத மாதிரி இருப்பார். நாய் மேசைக்குக் கீழ போய்ப் படுத்திடும்.

நாய் அவ கேட்டு வந்ததில்லை. ருமேனியாவில தெருவில அடிபட்டுத் திரிஞ்சதை ஆரோ பிடிச்சு லண்டனுக்கு வான் வண்டியில ஏத்தி அனுப்ப, மகள் டிலக்சனா பாவம் பாத்து எடுத்தவள். பேர் றெக்ஸ். கொஞ்சக் காலம் கட்டிப்பிடிச்சுப் படம் எடுத்தாள். பிறகு மன்செஸ்ரரில வேலை கிடைச்சுது. "அம்மா, கொஞ்ச நாளைக்குப் பாருங்கோ" எண்டிட்டுப் போனவள்தான்.

"அவனும் எங்கட ஆள்தானப்பா. நாங்களும் லொறிக்குள்ள ஒளிச்சுத்தானே ஜெர்மனிக்குப் போய், பிறகு இஞ்ச வந்தனாங்கள்" எண்டு பெனடிக்ற் சிரிப்பார்.

"நான் லொறியால இறங்கி ஒருத்தரையும் பாத்து உறுமேல்லை."

றெக்ஸ் அப்ப கடிக்கிற நாயில்லை. உறுமும். தபால்காரனைக் கண்டாலும் உறுமும், வக்கூம் கிளீனரைக் கண்டாலும் உறுமும். வீட்டுக்கு வாற ஆக்கள் குனிஞ்சு தலையைத் தடவப் போனால் காதைப் பின்னால மடிச்சுப்போட்டு உறுமும். எங்கட ஆக்களின்ர வீட்டில வந்த ஆளுக்கு முகத்தைச் சுளிச்சாலே பெரிய குற்றம். பல்லைக் காட்டினால் விடுவினமே?

"வீட்டுக்கு வந்த ஆக்களைப் பாத்து உறுமுறியோ, மரியாதை கெட்ட சனியன்!" காலில கிடக்கிற செருப்பைக் கழட்டி மூஞ்சையில ஒண்டு. திரும்ப உறுமினால் திரும்ப ஒண்டு. மூக்கால ரத்தம் வந்த நாளும் உண்டு. பெர்னடெற்றுக்கு அது ஒரு பாவமாத் தெரியேல்லை. தன்ர பிள்ளையையும் அப்பிடித்தான் வளத்தவ.

கோடைக்குள்ள நாய் அடங்கிப்போச்சு. ஒரு சத்தமில்லை. மாதா கோயிலில பெண்டுகளுக்குப் பெருமை அடிச்சா: "நாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே மருந்துதான் கண்டியளோ. செருப்பு!"

ஒக்டோபர் வந்துது. செபமாலை மாதம். ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டில கூடிச் செபமாலை சொல்லுறது. பெர்னடெற் வீட்டு முறைக்கு ஹோல் நிறையச் சனம். பெனடிக்ற்ற தமையன் செல்வரத்தினமும் குரோய்டனில இருந்து வந்திருந்தார். தம்பியை வெளிநாட்டுக்குக் கூப்பிட்டுவிட்ட மனுசன். அவர் தும்மினால் பெனடிக்ற்றுக்குத் தடிமன் பிடிக்கும்.

"நாயை அறைக்குள்ள விடுவமே?" எண்டு பெனடிக்ற் கேட்டார்.

"ஏன்? அது என்ன செய்யப்போகுது? அதுக்குத்தான் வாயே இல்லையே."

றெக்ஸ் மாதா சுரூபம் வைச்ச மேசைக்குக் கீழ சுருண்டு கிடந்துது. செபமாலை முடிஞ்சு, மன்றாட்டுக்கு எல்லாரும் ஒருமிக்க முழங்காலில இருந்தினம். மனிசருக்கு அது செபம். மேசைக்குக் கீழ கிடக்கிற நாய்க்கு, அவ்வளவு சனமும் ஒரேயடியாத் தன்னில பாயக் குனிஞ்ச மாதிரி. சுத்திவரத் தலை, சுத்திவரக் கை. ஓடுறதுக்கு வழியில்லை. செல்வரத்தினம் பிடிச்சு இருக்கிறதுக்கு மேசைக் காலில கையை ஊண்டினார்.

ஒரு சத்தமும் இல்லை. முன்கையில பல்லு இறங்கிப்போச்சு.

மனுசன் குழற, நாய் விட்டுட்டுத் திரும்பவும் கவ்விச்சுது. கீழ விரிச்ச வெள்ளைச் சீலை சிவப்பாப் போச்சு. மெழுகுதிரி விழுந்து, பெண்டுகள் கதிரையில ஏறி ஒரே கூச்சல். ஆரோ நாயின்ர வயித்தில உதைஞ்சான். பெனடிக்ற் கழுத்துப் பட்டியில பிடிச்சு மேல தூக்க, அது நாக்குத் தள்ளி அந்தரத்தில உதறிச்சுது. செல்வரத்தினம் மற்றக் கையால கதவுக்குப் பின்னால நிண்ட கிரிக்கெற் மட்டையை எடுத்து நாயின்ர முதுகில ஒண்டு போட்டார். ரெண்டாவது அடி பெர்னடெற்றின்ர தோளில.

ஏன் குறுக்க போனவவெண்டு அவவுக்கே தெரியாது. பட்டியைப் பறிக்கப் போக, நாய் அவவின்ர உள்ளங்கையையும் கிழிச்சுப்போட்டுது. அந்தக் கையாலயே இழுத்துக்கொண்டு போய்க் கீழ்த்தட்டு ரொயிலற்றுக்குள்ள தள்ளி, தானும் உள்ளுக்குப் போய்ப் பூட்டினா.

"திற கதவை! இண்டைக்கு அதின்ர மண்டையைப் பிளக்காமல் விடமாட்டன்!" மட்டை கதவில விழுந்துது.

"பெர்னடெற், திறவுமப்பா. அண்ணையின்ர கையைப் பாரும்!"

"பாத்தனான்! துவாயைச் சுத்தி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. நாய் எங்க ஓடப்போகுது?"

லண்டன் வீட்டுக் கதவு கடதாசி மட்டை மாதிரி. நாலு அடியில நடுவில வெடிச்சுது, பூட்டு மட்டும் விடேல்லை. றெக்ஸ் கொமோட்டுக்கும் சுவருக்கும் நடுவில ஒட்டிக்கொண்டு, நிண்ட இடத்திலயே மூத்திரம் பெய்து, பல்லு அடிபட நடுங்கிக்கொண்டிருந்துது. கோவத்தில கடிச்ச நாய் இப்பிடி நடுங்குமோ? கதவில அடி விழ விழ அதுக்கு மேல்சொண்டு துடிச்சுது, உறுமுறதுக்கு. உடன பெர்னடெற்றின்ர காலடியைப் பாக்கும். செருப்பைப் பாக்கும். வாயை மூடிக்கொள்ளும். திரும்ப அடி, திரும்பத் துடிப்பு, திரும்பச் செருப்பு, திரும்ப மூடுறது.

"அட சவமே," எண்டா பெர்னடெற், நாயையோ தன்னையோ தெரியாது. செருப்பு ரெண்டையும் கழட்டிக் கைகழுவுற தொட்டிக்குள்ள எறிஞ்சா. செல்வரத்தினம் களைச்சு ஆஸ்பத்திரிக்குப் போகுமட்டும் கதவு திறக்கேல்லை.

கை தைச்சுக்கொண்டு வந்து, அந்த மனுசன் ஒரே சொல்லில முடிச்சார்: "நத்தார்ப் பெருநாளுக்கு முதல் நீங்கள் நாயை ஊசி போட்டு முடிக்கோணும். இல்லாட்டி நான் பொலிசுக்குச் சொல்லி எடுப்பிப்பன்."

பெனடிக்ற் தலையாட்டினார். பெர்னடெற் நாயை மிருக டொக்டரிட்டக் கொண்டு போனா. டொக்டர் ரமா, தமிழ்நாட்டுப் பிள்ளை. ஊசிக்கெண்டு வந்தவவெண்டுதான் அந்தப் பிள்ளையும் நினைச்சுதாம்.

"அக்கா, கடிக்கிறதுக்கு முன்னாடி உறுமுச்சா?"

"இல்லை. உறுமுறதை நான் அடிச்சு நிப்பாட்டிட்டன்."

"அதோட பயமும் போச்சா?"

"பிள்ளை, மீன் பொரிக்கேக்க கத்துதெண்டு ஃபயர் அலாரத்தின்ர பட்டரியைக் கழட்டி வைச்சிருக்கிறன். அதைத்தான் இதுக்கும் செய்திருக்கிறன் போல."

"ஆமா அக்கா. அதேதான்."

வலி கிலி இல்லையெண்டு ரமா உடம்பைப் பாத்து உறுதிப்படுத்திச்சுது. பயத்துக்குக் குளிசை குடுத்துது. கடிக்காமல் வாயில மாட்டுற வாய்க்கூடு பழக்கச் சொல்லிச்சுது. முழுக்கச் சுகமாகுமெண்டு சத்தியம் பண்ணமாட்டனெண்டும் சொன்னது.

பிறகு நடந்ததை ஆரும் படம் எடுக்கேலாது, அவ்வளவு அலுப்பு. படிக்குக் கீழ நாய்க்கு ஒரு இடம், அதுக்கு ஒரு கேற். ஆள் உள்ளுக்கு வந்தால் தூரத்தில நிண்டு அவிச்ச கோழித்துண்டு எறியிறது. நாய் விறைச்சால் ஆள் பின்னால போறது. வாய்க்கூட்டுக்குள்ள மீன் பூசிப் பூசி மூக்கை விடப் பழக்கிறது. குனியிறதில்லை, முகத்தை உத்துப் பாக்கிறதில்லை. ஒருநாள் பெனடிக்ற் கூட்டுற தும்புத்தடியோட திடீரெண்டு வர, அது அவற்ற காற்சட்டையைக் கிழிச்சுப்போட்டுது. தும்புத்தடியை அவர் ஓங்க, பெர்னடெற் பறிச்சு முழங்காலில வைச்சு முறிச்சா.

"உமக்கு என்னைவிட நாய் பெரிசாப் போச்சு!"

"நாய்க்கு நான் செய்த அநியாயம் உங்களுக்குச் செய்யேல்லையே. செய்தால் நீங்களும் கடிப்பியள்."

நத்தாருக்கு முதல் சனிக்கிழமை செல்வரத்தினம் கயிறோட வந்தார். "நானே கொண்டு போறன்." றெக்ஸ் கேற்றுக்கு அங்கால, வாய்க்கூட்டோட நிண்டுது. அவர் மேலால கையை நீட்டினார்.

உறுமிச்சுது.

அடிவயித்தில இருந்து, வீடு முழுக்கக் கேக்க. பெனடிக்ற் பழைய பழக்கத்தில செருப்பைக் கழட்டினார். பெர்னடெற் அடுப்படியால அகப்பையோட ஓடிவந்தா. "செருப்பைப் போடுங்கோ கீழ! பெரியத்தான், உறுமினது கேட்டதெல்லோ? கையை எடுங்கோ!"

"எனக்கு ஓடர் போடுறியோ?" அவர் கேற்றைத் திறந்து காலால உதைஞ்சார். நாய் பாய, வாய்க்கூட்டுக் கம்பி அவற்ற முழங்காலில மோதிச்சுது. அவர் திரும்ப உதைக்கத் தூக்கின கால் கீழ வர முதல், சுடச்சுட அகப்பை அவற்ற கன்னத்தில விழுந்துது. அவர் அவவைச் சுவரோட தள்ளி, தலைமயிரில பிடிச்சார். அவ ரெண்டாவதையும் போட்டா, காதைப் பொத்தி.

பெனடிக்ற் நடுவில வந்து தமையன்ர கையை எடுத்துவிட்டார். "அண்ணை, வாங்கோ. நான் காரில கொண்டுபோய் விடுறன்." அவ்வளவுதான் கதைச்சார். ஆனா அண்ணையின்ர கையைப் பிடிச்சு வாசலுக்கு வெளியில விட்டது அண்டைக்குத்தான் முதல்தரம்.

செல்வரத்தினம் சொன்னபடி பொலிசுக்கும் சொன்னார். ஒரு பெண் பொலிஸ் வந்து கேற்றைப் பாத்து, வாய்க்கூட்டைப் பாத்து, ரமாவோட போனில கதைச்சு, ஆக்கள் வாற நேரம் வாய்க்கூடு கழட்டக்கூடாதெண்டு சொல்லிப்போட்டுப் போனது. நாய் உயிரோட இருக்கு. பெனடிக்ற் நத்தார்ச் சாப்பாட்டைக் குரோய்டனில தனியப் போய்ச் சாப்பிட்டார். பெரியத்தான் இண்டைக்கும் அந்த வீட்டு வாசல் மிதிக்கிறேல்லை. பெர்னடெற் அவரிட்ட மன்னிப்பும் கேக்கேல்லை.

உங்கட வீட்டிலயும் நாய் கடிக்குதெண்டால், ஊசி போடக் கொண்டுபோக முதல் ஒருக்காச் சட்டனுக்குப் போய் அவவைப் பாருங்கோ. கோயிலில கேட்டால் வீடு காட்டுவினம். போக முதல் போன் பண்ணுங்கோ, பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. முதல் நல்லாப் பேச்சு விழும், வாங்கிக்கொள்ளுங்கோ. பிறகு எல்லாம் காட்டித் தருவா. ஞாயிறு பின்னேரம் ஆள் வீட்டிலதான். போங்கோ.