கொத்மலை வளைவில் ஒரு விண்ணப்பம்

கொத்மலை நீர்த்தேக்கத்தின் மேலுள்ள வளைவில் பேருந்து நிற்கிறது. இலங்கையில் சிறிய அணுமின் நிலையங்களுக்கு அந்நிய முதலீடு தேடுகிறார்கள் என்று நாளிதழில் வாசிக்கிறேன். அருகு இருக்கையில், தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் செல்வமணி. தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் தன் அறைக்கு மின்சாரம் கேட்ட அவரது விண்ணப்பம், தோட்டத்துரையின் சம்மதக் கடிதம் இல்லாததால் இன்றும் திரும்பிவிட்டது.

“என்னங்கய்யா போட்டிருக்கு?”

சொல்கிறேன். அவர் கீழே நீரைக் காட்டுகிறார்.

“இதுலயும் கரண்டு எடுக்குறாங்க. நான் பேத்திக்கு மூச்சு மெசின் போட அடுத்த லயத்துக்குத் தூக்கிட்டு ஓடுறேன். அணுவுல எடுத்தாலும் தொரை கடிதம் கேப்பாங்களா?”

“கேட்பார்கள், அம்மா.”

கோயில் ஓதுவார் நான்; சோதி வடிவான இறைவனை நாள்தோறும் பாடும் நாவால் இதைச் சொல்கிறேன்.

“அப்ப கடிதத்த நீங்களே எழுதுங்க. தொரை கையெழுத்து மட்டும் போடட்டும்.”

பேனாவைத் திறக்கிறேன்.

“மொதல்ல பேத்தி பேர எழுதுங்கய்யா.”