உடைந்தும் உடையாத கட்டி

அடுத்தவர் பாடுபட்டுச் செய்ததை உடைத்துப் பார்த்து, எத்தனை டன்னில் உடைந்தது என்று எழுதிக் கொடுப்பதுதான் கான்கிரீட் சோதனைக் கூடத்தில் எங்கள் பிழைப்பு. இரண்டாயிரங்களில் தாம்பரத்தைத் தாண்டி எங்கே பார்த்தாலும் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்ததால், சேலையூரில் இருந்த எங்கள் கூடத்தில் உடைப்பதற்குப் பஞ்சமே இல்லை. சோதனை என்ற பெயரில் எந்த வேலை பார்த்துச் சீரழிந்தவராக இருந்தாலும் சரி, வாருங்கள், சேர்ந்து தலையில் கை வைத்துக்கொள்வோம்.

டவலில் வந்த கட்டி

யூசுப் பாய் இருபது வருஷ வெல்டிங் வேலையை விட்டுவிட்டு ஒரு கண்டுபிடிப்போடு வந்தார். பழைய லாரி டயருக்குள் இருக்கும் மெல்லிய கம்பியை விரல் நீளத்துக்கு நறுக்கி, கான்கிரீட்டில் கலந்திருந்தார். ஊரப்பாக்கத்தில் ஒரு தொழிற்சாலை, கனமான மெஷின்களை நிறுத்தத் தரை போடப் போகிறது. எங்கள் ரிப்போர்ட் நன்றாக இருந்தால் அந்த வேலை பாய்க்கு. இல்லாவிட்டால் பழைய முதலாளி முன்னால் போய்த் தலையைச் சொறிய வேண்டும்.

அந்தக் கான்கிரீட்டில் வார்த்த, சாண் அகலம்கூட இல்லாத ஒரு சதுரக் கட்டியை டர்க்கி டவலில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். மெஷினில் வைத்து அழுத்தினேன். முள் ஏறியது, ஓரிடத்தில் நின்றது. கட்டியில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல். பாய்க்கு முகம் செத்துவிட்டது.

"டெஸ்ட் பண்ணிக் குடுங்கன்னுதானே சார் சொன்னேன், உங்கள யாரு உடைக்கச் சொன்னது?"

இரண்டே கட்டம்

விரிசல் விட்டதே தவிர கட்டி சிதறவில்லை. சாதாரணக் கட்டி என்றால் அப்பளமாக நொறுங்கியிருக்கும். இதை உள்ளே இருந்த கம்பிகள் இழுத்துப் பிடித்துக்கொண்டன. அதுதானே ஐயா அவருடைய கண்டுபிடிப்பே! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் எங்கள் படிவத்தில் 'உடைந்தது', 'உடையவில்லை' என்று இரண்டே கட்டம். மானேஜர் கட்டியைத் தட்டிப் பார்த்தார், உருட்டிப் பார்த்தார், 'உடைந்தது' கட்டத்தில் டிக் போடச் சொன்னார். "சார், உடைஞ்சாலும் முழுசா நிக்குதே" என்று இழுத்தேன்.

"கல்யாணம் ஆயிடுச்சா இல்லையான்னு கேட்டா, பாதி ஆயிடுச்சுன்னு எவனாவது எழுதுவானாய்யா?"

சத்தம் போதாது

தொழிற்சாலை அதிகாரி நேரில் பார்க்க வந்தார். முதலில் சாதாரணக் கட்டி ஒன்றை உடைத்துக் காட்டினேன். டமார்! சில்லு பறந்து அவர் ஷூ மேலேயே விழுந்தது. மனிதருக்கு ஏகத் திருப்தி. அடுத்து, பாய் கொண்டுவந்த இன்னொரு கட்டி. மெல்ல ஒரு முனகல், ஒரு விரிசல், அவ்வளவுதான். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதிகாரி உதட்டைப் பிதுக்கினார்.

"அது எவ்வளவு கம்பீரமா உடைஞ்சுது! இது வயித்து வலிக்காரன் மாதிரி முனகுது, இதை நம்பி எப்படி சார் மெஷினை நிறுத்தறது?"

சம்மட்டி

அதிகாரி ஃபைலை மூடிவிட்டார். பாய் டர்க்கி டவலை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

அந்த நேரம் பார்த்து, உடைந்த கட்டிகளை அள்ளிப் போகிற மணி வந்தான். பள்ளம் நிரப்பக் கொண்டுபோவான். வாசலிலேயே பொடியாக்கித்தான் வண்டியில் ஏற்றுவான். 'உடைந்தது' என்று நான் சாக்பீஸில் எழுதியிருந்த பாயின் கட்டியைச் சம்மட்டியால் ஓங்கிப் போட்டான். ஒரு சில்லு பெயர்ந்தது. மறுபடி போட்டான். பத்தாவது அடியில் சம்மட்டியின் காம்பு முறிந்தது, கட்டி இரண்டாகவில்லை. படி இறங்கிக்கொண்டிருந்த அதிகாரி அப்படியே நின்று, மூடிய ஃபைலைத் திறந்தார். மணி அவரைக் கவனிக்கவே இல்லை, பாதிக் காம்போடு என்மேல் பாய்ந்தான்.

"இன்னா சார், பேஜாரா கீது! ஒடைஞ்சதுன்னு எய்திக்கினு ஒடையாத கல்லக் குட்த்தா, நான் இன்னா பல்லாலயா ஒடைப்பேன்?"

மெஷினும் முள்ளும் படிவமும் என் கையெழுத்தும் சேர்ந்து வாங்கித் தர முடியாத ஊரப்பாக்கம் வேலையை, மணி என்னைத் திட்டிய அந்த ஒரு திட்டு பாய்க்கு வாங்கிக் கொடுத்துவிட்டது.